சாவு வீட்டில் தெரியும் விசுவாசம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இறந்தோரை நினைக்கும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள், நெருங்குகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் கல்லறைத் தோட்டங்களில் புதர் வெட்டுகிற வேலை தொடங்கிவிட்டது. நவம்பர் 3ஆம் தேதி காலைப் பத்திரிகையில், சாமந்தி மாலை போட்ட சிலுவையைச் சுற்றி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடும்பங்கள் நிற்கும் படம் வரும். அந்தப் படத்தோடு செய்தி முடிந்துவிடும். நோயாளிகளைச் சந்திக்கவும் அடக்கக் காரியங்களில் கூட நிற்கவும் போகிற கத்தோலிக்கப் பங்கு மக்களாகிய எங்களுக்கு, அதற்கு முந்தி நடப்பதும் பிந்தி நடப்பதும்தான் பெரிதாகத் தெரிகிறது. கடிதம் கொஞ்சம் நீளம்; பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஞாயிறுதோறும் கோயிலில் உடலின் உயிர்ப்பை நம்புகிறோம் என்று சொல்கிறோம். வாய் சொல்வதை வீடு நம்புகிறதா என்பது ஒரு சாவு விழுகிற அன்றுதான் தெரியும். சாமியாரை எப்போது கூப்பிடுகிறோம், பங்காளிச் சண்டையை என்ன செய்கிறோம், தாலி இழந்தவளை எங்கே உட்கார வைக்கிறோம், எதற்காகக் கடன் வாங்குகிறோம், முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு அந்த வீட்டுப் படியை யார் ஏறுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

முதல் பிழை சாமியாரைக் கூப்பிடுகிற நேரத்திலேயே நடந்துவிடுகிறது. நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனமான நோயில்பூசுதலை நம் பெரியவர்கள் இன்றும் 'அவஸ்தை' என்றுதான் சொல்கிறார்கள். "அவஸ்தை கொடுத்தாச்சா?" என்று யாராவது கேட்டால், "ஆள் முடிஞ்சிட்டாரா?" என்று கேட்டது போலவே காதில் விழுகிறது. நோயாளி பயந்துவிடுவார் என்று வீட்டார் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், மேல்மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு பங்குத்தந்தைக்குப் போன் செய்கிறார்கள். அவர் கிளை ஊரில் பூசையில் இருப்பார். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலை ஊர்கள் என்றால் வந்து சேரவே நேரமாகும். அதற்குள் நினைவு தப்பிவிடுகிறது. நினைவோடு இருக்கையில் கிடைத்திருக்க வேண்டிய பாவமன்னிப்பும், நற்கருணையும், பிள்ளைகளிடம் சொல்ல வைத்திருந்த இரண்டு வார்த்தையும் போய்விடுகின்றன.

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே, இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அன்று, நோயில்பூசுதல் என்ற பெயரே பொருத்தமானது என்று சொல்லிவிட்டது. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கேட்கலாம். புற்றுநோய் என்று தெரிந்ததும் கேட்கலாம். டயாலிசிஸ் தொடங்கும் நிலையில் கேட்கலாம். தனியாக ஒரு வியாதியும் இல்லாமல் தள்ளாமையால் உடல் கரைந்துகொண்டு போகும் முதியவருக்கும் கேட்கலாம். தேறி எழுந்து மறுபடி படுத்தால் மறுபடியும் பெறலாம். உயிர் பிரிந்த பிறகு பூசுவதில்லை. பிரிந்ததா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால் பூசலாம். ஆகவே "நேரமாகிவிட்டது, இனிக் கூப்பிட்டு என்ன" என்று வீட்டாரே முடிவு கட்ட வேண்டாம்.

சாமியார் வருமுன் கட்டிலுக்கு அருகே ஒரு சிறிய மேசை போடுங்கள். அதன்மேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்தம், கொஞ்சம் பஞ்சு, ஒரு டம்ளர் குடிநீர், ஒரு சிறு கரண்டி. வீட்டில் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. மூக்குக் குழாயிலிருந்து கசிகிற ஆக்ஸிஜன் போர்வையிலும் தலையணையிலும் தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டால் துணி கணத்தில் பற்றிக்கொள்ளும். அங்கே சுரூபம் மட்டும் போதும். டிவியை நிறுத்திவிடுங்கள். பாவசங்கீர்த்தனத்தின்போது வீட்டார் எல்லோரும் வெளியே போக வேண்டும். காது மந்தமான பெரியவர் தன் பாவத்தைச் சத்தமாகத்தான் சொல்வார்; வாசற்படியில்கூட நிற்காமல் தெருவுக்கு வந்துவிடுவதே மரியாதை.

நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்கும் விதி நோயாளிக்கும், அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் கிடையாது. இது தெரியாமல், ஊசி போட்ட சர்க்கரை நோயாளியைக் காலையிலிருந்து பட்டினி போட்டு மயங்க வைத்துவிடுகிறார்கள். விழுங்க முடியாதவருக்கு அப்பத்தின் ஒரு சிறு துண்டை ஒரு கரண்டி தண்ணீரோடு கொடுக்கலாம். நிலைமையைச் சாமியாரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். முன்காலத்தில் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று தனித்தனியாகப் பூசுவார்கள். 1972க்குப் பிறகு நெற்றியிலும் கைகளிலும் மட்டும் பூசப்படுகிறது. அவசரத்தில் நெற்றி மட்டுமே போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். அப்போது பணியில் இருக்கும் செவிலியரிடம், "சாமியார் வருகிறார், ஐந்து நிமிடம், ஒருவர் மட்டும்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. பத்துப் பேர் ஒன்றாக உள்ளே நுழையப் பார்க்கும்போதுதான் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

எண்ணெய் பூசுவதற்கும் முந்திய ஒரு வேலை இருக்கிறது. பிறர் குற்றங்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்று கர்த்தர் கற்பித்த செபத்தில் தினமும் கேட்கிறோம். ஆனால் வரப்புத் தகராறில் பத்து வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி, ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போதுகூட ஒரே தெருவில் முகம் திருப்பிக்கொண்டு போகிறார்கள். இருவருக்கும் வேண்டிய ஒரே ஒரு ஆள் போய்க் கூட்டி வர வேண்டும். நான்கு பேர் போனால் பஞ்சாயத்து ஆகிவிடும். கூட்டி வந்த அன்று நிலத்தைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கக் கூடாது. மன்னிப்பையும் பாகத்தையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் இரண்டும் கெடும். "எப்படிண்ணா இருக்கீங்க" என்று கேட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாலே போதும். வழக்கு இருந்தால் அது அதன் பாட்டுக்கு நடக்கட்டும். மன்னிக்கிறவர் தன் நில உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று திருச்சபை எங்கும் கற்பிக்கவில்லை. இந்தத் தெளிவு இல்லாததால்தான் பலர் சமாதானத்துக்கே பயப்படுகிறார்கள்.

குறைமாதத்தில் பிறந்து உயிருக்குப் போராடும் குழந்தைக்கு, சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரோ செவிலியரோ யாராக இருந்தாலும், தலையில் சிறிது தண்ணீர் ஊற்றிக்கொண்டே பெயரைச் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்கு அளிக்கலாம். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குழந்தைக்குச் சொட்டுக் குழாயால் சில துளி போதும். சுத்தமான தண்ணீரா என்று செவிலியரைக் கேட்டே செய்யுங்கள். திருமுழுக்குப் பெறாமலே குழந்தை போய்விட்டால், திருமுழுக்குக் கொடுக்க நினைத்திருந்த பெற்றோருக்காக ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் உண்டு. இருட்டில், மஞ்சள் பையில் வைத்து, தகப்பன் மட்டும் போய்ப் புதைத்துவிட்டு வருகிற கொடுமை இனியும் வேண்டாம். அந்தத் தாய்க்கும் ஒரு கல்லறை வேண்டும்.

உயிர் பிரிந்தவுடன் கண்தானம் பற்றி ஒருவராவது நினைவூட்ட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், உறவினருக்குச் சொல்லி அனுப்புகிற அந்த முதல் அரைமணியிலேயே கேட்டாக வேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை வைத்து உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர், புரை நீக்கியவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். சில தொற்றுநோய்களில் இறந்தவர்கள் மட்டும் கூடாது. முகம் விகாரமாகாது. கண்ணைக் கொடுத்தால் உயிர்த்தெழும்போது பார்வை இருக்காதே என்று சில பாட்டிமார் உண்மையாகவே கவலைப்படுகிறார்கள். மண்ணோடு மண்ணான உடலை எழுப்புகிறவருக்கு ஒரு ஜோடி கண் பெரிதா என்று அன்பாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

இனி, எங்கள் மனதை மிகவும் வருத்துவதற்கு வருகிறோம். நிலைக்கதவில் சிலுவை ஒட்டிய வீட்டில், கணவனை இழந்த பெண்ணுக்குத் தலைநிறையப் பூ வைத்து, மஞ்சள் பூசி, கைநிறைய வளையல் போட்டு உட்கார வைத்து, ஊரே சுற்றி நின்று பார்க்க, அத்தனையையும் உடைத்துப் பிய்த்து எடுக்கிறார்கள். தாலியை அறுக்கிறார்கள். பிறகு அவள் மூலையில் உட்கார வேண்டும். சொந்த மகளின் கல்யாணத்தில்கூட முன்னால் வரக் கூடாது. விடிகாலையில் வெளியூர் கிளம்புகிறவர் எதிரே அவள் வரக் கூடாது. அடக்கச் சடங்கு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினாலும் இதற்கு ஒரு வரி கிடையாது.

விவிலியத்தில் இருப்பது வேறு. நயீன் ஊர் வாசலில் ஒற்றைப் பிள்ளையைப் பாடையில் பார்த்து அழுத கைம்பெண்ணைக் கண்டு இயேசு ஒதுங்கவில்லை, கிட்டே போனார். கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் குறை வைக்கிறார்கள் என்ற புகாரைத் தீர்ப்பதற்காகத்தான் எருசலேம் திருச்சபை ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து நியமித்தது. கணவன் இறந்தபின் பெண் மறுமணம் செய்துகொள்ள உரிமையுள்ளவள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். திருமண வாக்குறுதி சாவுவரைதான். அதை அவள் நிறைவேற்றிவிட்டாள். வாக்கை நிறைவேற்றியவளைத் தண்டிக்கிற சடங்கு எப்படிக் கிறிஸ்தவச் சடங்காகும்?

இதை மாற்றச் சாவு வீட்டில் போய் வாதாடினால் தோற்றுப் போவோம். அங்கே துக்கம் பேசும், நியாயம் எடுபடாது. சாவு எதுவும் விழாத மாதத்தில், அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில்) பேச வேண்டும். முக்கியமாக, இந்தச் சடங்கைத் தாங்களே அனுபவித்த மூத்த பெண்களிடம் பேச வேண்டும். வற்புறுத்துகிறவர்கள் அவர்கள்தான். அது கெட்ட மனதால் வருவதன்று. செய்யாவிட்டால் போனவரின் ஆவி அலையும், பிள்ளைகளுக்கு ஆகாது என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல், "பழைய பழக்கம், விடுங்க பாட்டி" என்றால் அவமதித்ததாகத்தான் படும். இறந்தவர் இப்போது கடவுளின் கையில் இருக்கிறார், அவரை நாம் வளையலால் கட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது என்று அவர்களின் சொந்த விசுவாசத்திலிருந்தே எடுத்துச் சொல்ல வேண்டும்.

சாவு விழுந்த அன்று செய்ய வேண்டியது இதுதான். முதல் ஒரு மணிக்குள் இரண்டு பெண்கள் கணவனை இழந்தவளின் இரு பக்கமும் போய் உட்கார வேண்டும். அடக்கம் முடியும்வரை மாறி மாறி யாராவது இருந்துகொண்டே இருக்க வேண்டும். பிறந்த வீட்டார் வந்து இறங்குமுன் அவளுடைய அண்ணன் தம்பிக்குப் போனிலேயே சொல்லிவிட வேண்டும். கோடிச் சேலையைத் தடுக்க வேண்டாம். அது அம்மா வீட்டுப் பாசம். வெள்ளையாக இல்லாமல் நிறச் சேலையாக எடுத்து வரச் சொல்லுங்கள். எல்லார் முன்னிலும் மேலே போடாமல் மறுநாள் கையில் கொடுக்கட்டும். தாலியைப் பற்றிய முடிவு அவளுடையது மட்டுமே. வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும். கழற்ற விரும்பினால், இன்னொரு நாள், தன் அறையில், மகளோடு இருந்து தானே கழற்றட்டும். தாலியில் கோத்த சிலுவையைச் செபமாலையில் கோத்துக்கொள்ளலாம். ஊர்வலம் கிளம்புமுன் வீட்டு வாசல் செபத்தின்போது பங்குத்தந்தையே, "இந்த வீட்டில் அந்தச் சடங்கு நடக்காது" என்று சொல்லிவிடுவது நல்லது. இளையவர்கள் நூறு முறை சொல்வதைவிட அவர் ஒரு முறை சொல்வது எடுபடும். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்ற விதியும் திருச்சபையில் இல்லை. அவள் விரும்பினால் கல்லறைவரை வந்து முதல் பிடி மண்ணை அவளே போடட்டும். தென்னிந்தியத் திருச்சபையார் (சி.எஸ்.ஐ.) பொதுவாக இறந்தவருக்காக மன்றாடுவதில்லை, கத்தோலிக்கராகிய நாங்கள் மன்றாடுகிறோம். பெந்தெகொஸ்தே சபையார் பலர் நவம்பர் 2ஐக் கடைப்பிடிப்பதே இல்லை. இவற்றில் எல்லாம் வேறுபடுகிற நாம் கைம்பெண் விஷயத்தில் ஒரே தவறைச் செய்கிறோம். திருத்துவதையாவது சேர்ந்து செய்யலாம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஐஸ் பெட்டி தேவைதான்; பெங்களூரில் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போன பிள்ளைகள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. பூ ரதம், பேண்டு செட், வெடி, தெருவெல்லாம் ஃப்ளெக்ஸ், குழி வெட்டுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் சாராயம் என்று போகிற பணம்தான் வட்டிக்கு வாங்கியதாக இருக்கிறது. வெடி விழுந்து வைக்கோல் போர் எரிவதும் நடக்கிறது. பறையடிக்க இன்ன தெருவார்தான் வர வேண்டும், குழி வெட்ட இன்னார்தான் வர வேண்டும் என்பது கிறிஸ்தவன் வாயில் வரவே கூடாத பேச்சு. இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை தீண்டாமையைப் பாவம் என்றே சொல்கிறது. தமிழகத்தில் கல்லறைக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பிய பங்குகள் உண்டு என்பது நாடறிந்த வெட்கம். குழியை ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் நான்கு பேர் முறைவைத்து வெட்டுவது என்று ஏற்படுத்திக்கொண்டால் சாராயமும் நிற்கும், சாதியும் கொஞ்சம் தளரும்.

குழியைப் பற்றி இன்னொன்று. நம் மாவட்டங்களில் பல இடங்களில் மூன்றடியிலேயே பாறை தட்டிவிடும். அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்றால் காலையிலேயே குழியைத் தொடங்கிவிட வேண்டும். பெட்டியின் நீளத்தை அளந்து சொல்லாமல் குழி வெட்டி, பெட்டி இறங்காமல் தலைமாட்டைக் கொத்திக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க நேர்கிறது. பெட்டியின் வெளியளவைவிட நான்கு பக்கமும் அரையடி கூடுதலாக வெட்டுங்கள். கயிறு உருவ இடம் வேண்டும்.

தருமபுரி மறைமாவட்டம் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது என்றாலும் எலத்தகிரி, கோவிலூர், பி.பள்ளிப்பட்டி, மத்திகிரி போன்ற ஊர்களின் பங்குகள் அதைவிட மிகப் பழையவை. இத்தகைய ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் இடம் கூடப்போவதில்லை. ஒரு குடும்பம் டைல்ஸ் ஒட்டிக் கட்டுகிற கல்லறை அந்த இடத்தை நிரந்தரமாக அடைத்துவிடுகிறது. மண்மேடும் பெயர் எழுதிய சிலுவையும் மட்டும் என்றால், வருடங்கள் கழித்து அதே இடத்தில் இன்னொருவருக்கும் இடம் கிடைக்கும். தகப்பனுக்குக் கல்லறை கட்டவில்லை என்றால் பாசம் இல்லை என்று ஊர் சொல்லுமே என்ற கூச்சம் பிள்ளைகளுக்கு. ஒரு பங்கு மொத்தமாக முடிவெடுத்தால் அந்தக் கூச்சம் யாருக்கும் வராது. சொந்தப் பட்டா நிலம்தானே என்று தோட்டத்திலேயே அடக்கம் செய்வதும் வேண்டாம். உரிமம் பெற்ற இடுகாட்டில்தான் செய்ய வேண்டும் என்று ஊராட்சி விதிகள் சொல்கின்றன, பின்னால் நிலம் கைமாறும்போது வம்பு வரும்.

எரிப்பதை விரும்புகிற குடும்பங்களும் இருக்கின்றன. கலப்பு மணம் செய்த வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. 1963 முதல் கத்தோலிக்கருக்கு அது தடையில்லை. அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்புகிறது. எரித்தாலும் சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தில் அல்லது அதற்கென ஒதுக்கிய புனித இடத்தில் வைக்க வேண்டும். ஆற்றில் கரைக்கக் கூடாது என்று 2016இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியது. ஒகேனக்கல்லுக்கு எடுத்துப்போக நினைக்கிற மாற்று மத உறவினர்களிடம் இதை எரிப்பதற்கு முன்பே பேசிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயில் கிடையாது என்ற பேச்சு ஊர்களில் இன்னும் உலவுகிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. மனநோயும், தாங்க முடியாத பயமும், வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. ஆகவே பங்குத்தந்தையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் எப்போது கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே அடக்க நேரத்தை அறிவியுங்கள். எப்படி நடந்தது என்று துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரும் கேட்க, தாய் ஒவ்வொரு முறையும் சொல்லும்படி விடாதீர்கள். வாசலில் ஒருவர் நின்று பதில் சொல்லட்டும். அதே வீட்டில் இன்னொருவர் மனம் உடைந்து பேசினால் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.

"கடவுள் நல்லவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்", "உங்க பாவத்துக்குத்தான்" என்ற இரண்டையும் சாவு வீட்டில் யாரும் சொல்லாமலிருக்க வேண்டும். முதலாவது பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கடவுளைத் திருடனாக்கிவிடுகிறது. சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை என்கிறது சாலமோனின் ஞானம். லாசரின் கல்லறை முன்னால், இன்னும் சிறிது நேரத்தில் அவரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். எதிர்நோக்கு உள்ளவர் அழக் கூடாது என்பதில்லை. வந்து, உட்கார்ந்து, கூட அழுதுவிட்டு, செபமாலை சொல்லிவிட்டு எழுந்து போனால் போதும்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகுதான் அந்த வீடு உண்மையில் வெறிச்சோடுகிறது. மூன்று, ஏழு, முப்பது என்று நாள் கணக்கு வைத்திருக்கிற நாம் அறுபதையும் தொண்ணூறையும் மறந்துவிடுகிறோம். அந்த நாட்களிலும் முதல் கிறிஸ்துமஸ் அன்றும் யார் போவது என்று அன்பியக் குறிப்பேட்டில் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் எல்லாரும் வேறு யாரோ போயிருப்பார்கள் என்று நினைப்பார்கள். பிடி அரிசிப் பழக்கத்தை மறுபடி எடுப்பதும் கடினமன்று. தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி, சுமார் 50 கிராம். 25 வீடுள்ள அன்பியத்தில் மாதம் 37 கிலோ சேரும். இரண்டு பிள்ளைகளோடு தனித்திருக்கும் ஒரு தாய்க்கு அது போதும், மீதியும் இருக்கும். ரேஷன் அரிசியும் கடை அரிசியும் தனித்தனிப் பையில் இருக்கட்டும், கலந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. கேழ்வரகு தருகிற வீடு கேழ்வரகே தரட்டும். வாரம் ஒரு முறை சேகரித்தால் வண்டு வைக்காது. கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள்.

காகித வேலையிலும் கூட நிற்க வேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பங்குக் கோயிலின் இறந்தோர் பதிவேடு அரசுச் சான்றிதழ் ஆகாது. திருமுழுக்குப் பெயர் ஒன்று, ஆதாரில் வேறொன்று என்று இருப்பவர்கள் நம்மிடம் ஏராளம். ஆதாரில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வங்கியிலும் பட்டா மாற்றத்திலும் அந்தப் பெண் மாதக்கணக்கில் அலைவாள்.

கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் அதில் வேறுபாடு இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று பத்திரம் எழுதுகிற இடத்தில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஆனால் பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்கு இந்தச் சட்டம் ஒரு பங்கும் தருவதில்லை. மகனை இழந்த கிழவிக்குச் சோறும் மருந்தும் யார் பொறுப்பு என்று சட்டம் சொல்லாத இடத்தில் விசுவாசம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உயில் எழுதுகிறவர்கள் தாயை மறக்காமல் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவு கட்டாயமில்லை. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த நவம்பர் 2க்கு வருவோம். பார்த்தீனியத்தைப் பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் மறுபடி தழைக்கும், வெறுங்கையில் பிடுங்கினால் தோல் தடிக்கும். மெழுகுவர்த்தியைக் காய்ந்த புல்லில் குத்தாமல் மணல் நிரப்பிய அகலில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் மாலை வேண்டாம். ராயக்கோட்டைச் சாமந்தி இருக்கும்போது அது எதற்கு? நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளில் கல்லறைக்குப் போய் மன்றாடினாலும் இறந்தோருக்கான பரிபூரணப் பலன் (பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு என்பதால், கூட்டத்தில் நிற்க முடியாத முதியவர்களை வேறொரு நாள் காலையில் அழைத்துச் செல்லலாம்.

பங்குத்தந்தையர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கல்லறை மந்திரிப்புக்கு (ஆசீர்வாதத்துக்கு) முன் முதல் மெழுகுவர்த்தியை, சென்ற நவம்பருக்குப் பிறகு கணவனை இழந்த பெண்களிடம் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். அவர்களின் பட்டியல் உங்கள் இறந்தோர் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய் அழைத்தால்தான் வருவார்கள். அன்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் கூசி நின்றுவிடுவார்கள்.

இப்படிக்கு,
நோயாளர் சந்திப்பு, அடக்கப் பணிகளில் ஈடுபட்டுள்ள பங்கு மக்கள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.